இன்றைக்கு மெஷின் மட்டும்

எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவரின் பெயர் பஞ்சுக்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கத்தி கழுத்தில் ஓடுவதே தெரியாமல் பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவதால் வந்த பெயர் இது.

அவரைப் பற்றி இன்னொரு விஷயமும் தெருவுக்குத் தெரியும். அவருக்கு ஒரு குரல் கேட்கும். இளவயதில் அது அவரைப் பாடாய்ப் படுத்தியது. மருத்துவரும் மனைவியும் சேர்ந்து அவரை மீட்டார்கள். மாத்திரை இன்றும் நிற்கவில்லை. குரல் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வந்தாலும் அவர் வேலையில் குறை சொல்வதோடு சரி. "இடது பக்கம் குட்டையா இருக்கு. இதெல்லாம் ஒரு வெட்டா?" அதனால் அதற்கு அவர் வைத்த பெயர் மேனேஜர்.

மேனேஜர் வரும் நாளில் கடை வாசலில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். அன்று சவரக்கத்தி பெட்டிக்குள் போய்விடும், மெஷின் மட்டும்தான். இது அவசியமே இல்லை என்றுதான் மருத்துவர் சொன்னார். "மாத்திரை எனக்கு டாக்டர், துண்டு தெருவுக்கு" என்றார் பஞ்சுக்கை. முதலில் பார்த்தவர்கள் ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. துண்டு இல்லாத நாளில் "என்னப்பா, மேனேஜர் லீவா?" என்று கேட்டுக்கொண்டே வந்து கழுத்தை நீட்டினார்கள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் நகரத்துச் சந்தையில் ஒருவன் கத்தியோடு புகுந்தான். இருவர் பிழைக்கவில்லை. பிடிபட்டபோது, கடவுள் சொல்லிச் செய்ததாகச் சொன்னான். அவன் மனநல மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தவன் என்பதும் தெரியவந்தது. மனநோயா, மதவெறியா என்று தொலைக்காட்சியில் ஆரம்பித்த சண்டை, மறுநாள் காலை சலூன் பெஞ்சில் தொடர்ந்தது.

எதிர்க்கடை இஸ்திரிக்காரர் ஒரு வேளைத் தொழுகையையும் தவறவிடாதவர். "கடவுள நம்புறவன் கத்தி எடுப்பானா? அது பைத்தியம் சார், சுத்தப் பைத்தியம்" என்றார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் விடவில்லை. "பைத்தியம்னு சொல்லி உங்க ஆளுங்களைத் தப்பிக்க விடாதீங்க. எத்தனையோ பேர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தொந்தரவு இல்லாம இருக்காங்க. அவன் தலைக்குள்ள அந்தப் பேச்சைத் திணிச்சது யாரு? அதைச் சொல்லுங்க!"

பின்னால் பஞ்சுக்கை கத்தியைத் தோல்வாரில் தீட்டும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். சவரம் செய்துகொள்ளாமலே எழுந்தும் போனார்கள்.

அதன்பின் தெருவில் தாடிகள் முளைத்தன. இஸ்திரிக்காரரின் தாடிக்கு நியாயம் இருந்தது. பழியைப் பைத்தியத்தின் மேல் போட்டவர் பைத்தியத்திடம் கழுத்தை நீட்ட முடியாதுதானே. வாத்தியாரின் தாடிதான் புதிர். நோயாளிகளுக்காக அவ்வளவு வாதாடியவர். அவருடைய தாடை மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது.

நாற்காலி காலியாகவே கிடந்தது. இப்படியே போனால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"என்னங்க, கொஞ்ச நாளைக்குத் துண்டை வெளிய போடாதீங்க" என்றார் மனைவி. "மேனேஜர் வந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க. தலைவலின்னு கடையைச் சாத்திடலாம்."

"அப்புறம் துண்டு இல்லாத நாளை யாரு நம்புவா?"

"கடையே இல்லன்னா துண்டை எங்க தொங்க விடுவீங்க? என் கழுத்துலயா?"

பஞ்சுக்கை காலி நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இஸ்திரிக்காரரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. "அந்தத் தாடியோட மண்டபத்துக்குள்ள காலை வச்சீங்கன்னா, பொண்ணுக்கு அப்பா இல்லைன்னு சொல்லிடுவேன்" என்று அவர் மனைவி அறிவித்துவிட்டார். அடுத்த தெரு சலூனில் பூட்டுத் தொங்கியது. வேறு வழியில்லாமல் கல்யாணத்தன்று காலை மச்சான்மாரையும் வாத்தியாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

அன்று காலைதான் மேனேஜரும் வந்திருந்தார்.

கூட்டம் வருவதைக் கண்ட பஞ்சுக்கையின் மனைவி வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். பஞ்சுக்கை துண்டை எடுத்து உதறினார். வாசலில் தொங்கவிட்டார்.

கூட்டம் பாதித் தெருவில் நின்றது. "இன்னைக்கா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"இன்னைக்குத்தாண்ணே. கத்தி கிடையாது. மெஷின்ல ஒட்ட எடுத்து விடறேன், லேசா முள்ளு நிக்கும். வேண்டாம்னா எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

இஸ்திரிக்காரர் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, உனக்கு ஒரு நாளும் அது கடவுள்னு தோணலையா?"

"சின்ன வயசுல யாராவது வந்து, அது கடவுள்தான், சொல்றதைச் செய்யுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேண்ணே. நல்லவேளை, எங்கிட்ட வந்தது இவதான். 'அது கெடக்குது, நீங்க முதல்ல சாப்பிடுங்க'ன்னா."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சார், நீங்க சும்மா இருங்க. உங்க தாடி எல்லாத்தையும் சொல்லிடுச்சு" என்றார் இஸ்திரிக்காரர். உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார். "கத்தி வேண்டாம்னு தானா எடுத்து வைக்கிறவன்கிட்ட எனக்கென்ன பயம்? போடு மெஷினை. இப்ப என்ன சொல்றாரு உன் மேனேஜர்?"

"உங்க மீசை கோணல்ங்கிறாரு."

"என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா! ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே கேட்கவில்லை. வாசலில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண்ணில் இருந்தது சிரிப்பு மட்டுமில்லை.

கல்யாணப் படத்தில் பெண் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் முள் தாடி. மாப்பிள்ளையின் சித்தப்பா, "இதுதான் இப்ப ஸ்டைலா?" என்று விசாரித்தார். "ஆமா" என்றார் வாத்தியார், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல்.

அடுத்த வாரம் துண்டு இல்லாத ஒரு காலையில் கத்தி பெட்டியிலிருந்து வெளியே வந்தது. முதல் கழுத்து வாத்தியாருடையது. பாதியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

அவன் ஏன் குத்தினான் என்ற வழக்கு பெஞ்சில் இன்னும் முடியவில்லை. முடியும் என்றும் தோன்றவில்லை. ஆனால் பேச்சு முற்றி வாத்தியாரின் குரல் எகிறும்போது, இஸ்திரிக்காரர் எழுந்து எதிரே தன் கடைக்குப் போகிறார். தேய்க்க வந்த துணியில் சிவப்பாக ஏதாவது ஒன்றைத் தேடி எடுத்து வாசலில் மாட்டுகிறார்.

"இன்னைக்குச் சட்டை மட்டும் சார்" என்று அங்கிருந்தே கத்துகிறார். "பேச்சு நாளைக்கு!"