எல்லை தாண்டிய எலி

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் வாடகை வீட்டில் ஓர் எலி இருந்தது. என் மனைவி தொலைதூரக் கல்வியில் தத்துவம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில் அவளுடைய அறவியல் புத்தகத்தின் முதல் இருபது பக்கங்களை அந்த எலி தின்றுவிட்டது. எலிப்பொறி வாங்கி மசால்வடை வைத்தேன். ஞாயிறு காலை மாட்டிக்கொண்டது.

வாளித் தண்ணீரில் முக்கிவிடலாம் என்றேன். போன வருடமாக இருந்தால் வாளியை அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள். இப்போது படித்தவள்.

"கொல்றது தப்புங்க. அதால நல்லது நடந்தாலும் தப்பு தப்புதான்."

"உன் புத்தகத்தையே தின்னுச்சே?"

"அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. தெரிஞ்சு செய்றவங்களுக்குத்தான் பொறுப்பு. இங்க தெரிஞ்சவரு நீங்கதான்."

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வாரம் முழுக்க பிளாஸ்டிக் குடம் செய்யும் மெஷினோடு நிற்கிறவன் நான். லீவு நாளில் ஓர் எலியின் உயிருக்கும் நானே பொறுப்பு என்றால் எரிச்சல் வராதா?

"சரி, அடுத்த தெருவுல விட்டுட்டு வரேன்."

"அங்கயும் மனுசங்கதான இருக்காங்க?"

யாருக்கும் தொந்தரவு வராத இடம் எது என்று யோசித்தேன். தமிழ்நாடு என்று தோன்றியது.

பொறியைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கோரிமேட்டுக்குப் போனேன். எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். புதுச்சேரியிலிருந்து பையோடு வருகிறவன் மலிவு விலைப் பிராந்திதான் கொண்டுவருவான் என்பது அவர் நினைப்பு.

"எத்தினி பாட்டில்?"

"எலி சார்."

பையைத் திறந்து பார்த்தவர் ஓரடி பின்வாங்கினார்.

"இத இன்னாத்துக்குய்யா எடுத்துனு வர?"

"விடறதுக்கு சார். கொல்லக் கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க."

"பாண்டிச்சேரிக்காரன் ஒவ்வொருத்தனும் அவன் வூட்டு எலிய இங்க வந்து விட்டா நாங்க எங்கய்யா போறது?"

எலி தின்னாமல் விட்டு, மனைவி சத்தம் போட்டுப் படித்த பக்கங்களில், எல்லாரும் இப்படியே செய்தால் என்ன ஆகும் என்ற இதே கேள்வியை ஒரு ஜெர்மானியத் தத்துவவாதி அத்தியாயம் முழுக்கக் கேட்டிருந்தார். பிராந்திக்குத்தானே தடை, எலிக்கு இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன்.

"வண்டியத் திருப்பு" என்றார்.

திருப்பினேன். நூறடி தள்ளி, புதுச்சேரிப் பக்கம், சாலையோரத்தில் பொறியைத் திறந்தேன். எலி அசையவே இல்லை. கதவு திறந்த பிறகும் யோசிக்கிறதே என்று பாவமாக இருந்தது. திடீரென்று பாய்ந்து, நின்றிருந்த பஸ்ஸுக்கு அடியில் புகுந்து, போலீஸ்காரரின் பூட்ஸை உரசிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் ஓடிவிட்டது. அவர் என் பக்கம் திரும்புவதற்குள் வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"நான் விட்டது நம்ம ஊர்ல. அந்தப் பக்கம் போனது அதோட இஷ்டம்."

"அப்ப உங்களுக்குப் பொறுப்பே இல்லையா?"

"பாதி இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பாதி எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானச் சோறு மூன்று மணிக்குத்தான் கிடைத்தது.