செம்பிக்குப் பார்சல்தான் வேணுமாம்

துறைமுக வாசலில் திரிந்த நாய் செம்பியை, வளர்க்க ஒருவர் கிடைக்கும்வரை எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டில் வைத்திருக்கிறோம். வந்ததிலிருந்து தண்ணீர் மட்டும்தான். சாப்பாட்டுக் கோப்பையில் கோழி இறைச்சி வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"இண்டைக்கும் சாப்பிடாட்டி சேலைன் ஏத்தத்தான் வேணும்" என்றார் மிருக வைத்தியர்.

அந்தக் கவலையில் மத்தியானம் சமைக்கவும் மனம் வரவில்லை. கடையில் சோற்றுப் பார்சல் வாங்கிவந்து குசினிப் படியில் இருந்து சாப்பிட்டேன். செம்பி தூரத்தில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சச் சோற்றோடு பார்சலை மடித்துப் படியிலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால், பார்சலைக் காலால் விரித்து ஒரு பருக்கை விடாமல் முடித்திருக்கிறாள்!

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் வேலையாட்கள் சாப்பிட்டு, மடித்துப் போடும் பார்சல்தான் இவ்வளவு காலமும் அவளுடைய சாப்பாடு. மடிக்காத சோறென்றால் அவளுக்கு அது வேறு யாருடையதோ. வாய் வைத்தால் அடி விழும்.

உடனே சோற்றையும் உறைப்பில்லாமல் அவித்த மீனையும் வாழையிலையில் மடித்து, அவளுடைய கோப்பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போனேன். சற்று நேரத்தில் கோப்பைக்குள் இலை மட்டும் கிடந்தது. வாலும் முதல்முறையாக ஆடியது.

வேலையால் வந்த கணவர் இலையைப் பார்த்தார்.

"எனக்கு ஒருநாளும் இப்பிடி வாழையிலையில கட்டித் தந்ததில்லையே?"

"நீங்கள் ஒருநாளும் சாப்பிடாமல் கிடந்ததில்லையே."

செம்பியைக் கோப்பைக்குப் பழக்க வழி தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து இப்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார்.