காலண்டரில் திங்கட்கிழமை

புனிதா எனக்குத் தம்பி மகள். தம்பி முனுசாமிக்கு அவள் மூத்தவள், பிரவின் இளையவன். மலேசியாவில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. எங்கள் வழியில் கழுத்தில் பேட்ஜ் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு மலாக்காவில் ஓர் எலக்ட்ரானிக் பாக்டரியில் சேர்ந்தாள். பதினாறு வருஷம் நின்றுகொண்டே வேலை. தலைமுடி தெரியாமல் தொப்பி, வாய்க்குத் துணி, கண் மட்டும் வெளியே. போனை வெளியே லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தொப்பியின் நிறத்தை வைத்துத்தான் அங்கே ஆளை மதிப்பார்கள். வெள்ளைத் தொப்பியில் ஆரம்பித்து லைன் லீடரின் நீலத் தொப்பிக்கு வந்தாள். போன வருஷம் அவளைக் கூப்பிட்டுச் சூப்பர்வைசரின் பச்சைத் தொப்பியைக் கொடுத்தார்கள். அந்தப் பாக்டரியில் பச்சைத் தொப்பி போட்ட தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர்.

முதல் ஆறு மாதம் மத்தியான ஷிப்டு பார்க்கவேண்டும், பிறகு ஆபீஸ் நேரம் என்றார்கள். மூன்று மணிக்கு ஏறி இரவு பதினொன்றுக்கு இறங்கும் வேலை. கணவன் திவாகர் டிரெய்லர் ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள் நளினி, பதிமூன்று வயது. அவள் பள்ளிவிட்டு புக்கிட் காத்தில் வீட்டுக்கு வரும்போது மணி இரண்டே முக்கால். புனிதா இரண்டேகாலுக்கே கிளம்பிவிடுவாள். அரை மணி நேரத்தில் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் தவறவிட்டார்கள்.

"ஆறு மாசம்தானே அத்தே. அப்புறம் தினம் சாயங்காலம் வீட்டுல இருப்பேன் லா" என்று என்னிடம் சொன்னாள்.

அதற்குள் வீடு வீடாக இருக்கவேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு நளினி சாமி விளக்கை ஏற்றி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். ரெஸ்ட் நேரத்தில் புனிதா லாக்கரைத் திறந்து படத்தைப் பார்ப்பாள், கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். விளக்கு எரிகிறது, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று மனசு அடங்கும். பக்கத்து வீட்டில் சைத்தோன் என்கிற மலாய்க்காரப் பெண்மணி இருந்தாள். புனிதாவுக்கு அவள் 'காக்', அக்கா மாதிரி; நளினிக்கு 'மாச்சிக்', அத்தை மாதிரி. பிள்ளை அவள் வீட்டில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள்.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள். துணி துவைக்கப் போன புனிதா, மகளின் பாவாடையில் கறையைப் பார்த்தாள். "எப்போ?" என்று கேட்டாள். "இன்னைக்குத்தான்" என்றாள் நளினி.

அடுத்த பத்து நிமிஷத்தில் சொந்தம் முழுக்கப் போன் பறந்தது. மஸ்ஜித் தானாவிலிருந்து தாய்மாமன் பிரவின், மனைவி ராகினியோடு பட்டுப்புடவையும் தட்டுகளும் எடுத்துக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டான். நானும் போயிருந்தேன். முதல் தண்ணீரை ராகினி ஊற்றினாள், மஞ்சள் தண்ணீர் தலை வழியே இறங்க, பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்தோம்.

கோயில் குருக்கள் ருது ஜாதகம் எழுத நேரம் கேட்டார். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சரியாகச் சொல்லவேண்டும், அதை வைத்துத்தான் பலன்.

"ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணி சாமி" என்று போனில் சொன்னாள் புனிதா. அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நாலு மாதத்தில் மகளின் காரியம் ஒன்றையாவது கிட்ட இருந்து பார்த்துவிட்டாள் அல்லவா!

அப்போதுதான் சைத்தோன் ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு உள்ளே வந்தாள். புடவை கட்டி உட்கார்ந்திருந்த நளினியின் கன்னத்தைத் தடவி, சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டாள். எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

"இப்பத்தான் விருந்தா? உங்க வழக்கத்துல மூணு மாசம் கழிச்சுத்தான் செய்வீங்களா?"



"என்ன மூணு மாசம், காக்?" என்றாள் புனிதா.

சைத்தோனின் சிரிப்பு போய்விட்டது. "அம்மாகிட்ட சொல்லிட்டேன்னு பிள்ளை சொன்னாளே... நான்தான் அன்னைக்குத் துணியெல்லாம் கொடுத்தேன்."

"நல்லாருக்கு லா. பெத்தவங்களுக்குத் தெரியல, அடுத்த வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் ராகினி. "பத்து மணியாம், பத்து மணி. அண்ணி கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு நின்ன மாதிரி."

"வாய மூடு, ராகினி" என்றான் பிரவின்.

புனிதா மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நான் பயந்தேன். அடிக்கவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"போன் பண்ணேன் மா. மூணு தடவை. லாக்கர்ல இருந்திருக்கும்."

"அப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வர்றப்ப நான் தூங்கிட்டேன்."

"மறுநாள் காலைல?"

"அப்போ நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

புனிதா போனை எடுத்துப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மூன்று அழைப்பு வந்திருந்தது. ரெஸ்ட் நேரத்தில் இவள் 'என்ன?' என்று கேட்டிருந்தாள். 'ஒண்ணுமில்ல' என்று பதில், கூடவே விளக்குப் படம். இவளுடைய கட்டைவிரல்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் அப்படியே என் கையில் கொடுத்தாள். விளக்குக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர். வியாழக்கிழமை அனுப்பிய படத்தில் காலண்டர் திங்கட்கிழமையைக் காட்டியது. வெள்ளிக்கிழமைப் படத்திலும் திங்கள். சனிக்கிழமையும் திங்கள். ஒரே பூ, ஒரே சுடர்.

வீட்டுக்கு விலக்கான நாட்களில் எங்கள் பெண்கள் சாமி விளக்கைத் தொடுவதில்லை. யாரும் அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தாய் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள், தானும் ஒதுங்கி நின்றிருக்கிறாள். தாய் பயப்படக்கூடாது என்று பழைய படத்தை அனுப்பியிருக்கிறாள். அடுத்த மாதமும் அப்படியே மூன்று நாள். அதற்கடுத்த மாதமும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கட்டைவிரல்.

"விளக்கு எரியாத வீட்டையே எரியுதுன்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன் அத்தே" என்றாள்.

குருக்களுக்கு மறுபடி போன் போட்டோம். உண்மையான நேரம் என்ன என்றார். நளினிக்குச் சொல்லத் தெரியவில்லை. சைத்தோன்தான் யோசித்துச் சொன்னாள். வியாழக்கிழமை, நல்ல மழை, சாயங்கால அசார் பாங்கு முடிந்து அவள் தொழுது எழுந்த நேரம், பிள்ளை கதவைத் தட்டினாளாம். நாலே முக்கால் என்று கணக்குப் பண்ணினோம். எங்கள் பிள்ளையின் ஜாதகம் பள்ளிவாசல் பாங்கை வைத்துத்தான் எழுதப்பட்டது. அந்த நாலே முக்காலுக்குப் புனிதா பச்சைத் தொப்பியோடு லைனில் நின்றிருந்தாள்.

ஆறு மாதம் முடிந்தது. ஆபீஸ் நேரம் எப்போது என்று போய்க் கேட்டாள். ஆள் பற்றாக்குறை, இன்னும் ஆறு மாதம் மத்தியான ஷிப்டே பார், பிறகு பேசுவோம் என்றார்கள்.

பச்சைத் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழையபடி நீலத் தொப்பி, காலை ஷிப்டு. அவள் கையில் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண் இப்போது அவளுக்கே சூப்பர்வைசர்.

பிரவினுக்கு ஆத்திரம். "அக்கா, பதினாறு வருஷம் நின்னு வாங்கினது. யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? அவளுக்குத்தான் வயசு வந்திருச்சே, இனி என்ன பார்த்துக்கணும்?"

திவாகர் ரோட்டிலிருந்து போனில், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

இப்போது மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வந்து பார்த்தால் பள்ளிப்பை நாற்காலியில் கிடக்கும், பிள்ளை இருக்கமாட்டாள். பழக்கம், சைத்தோன் வீட்டில் இருப்பாள். கூப்பிடவும் புனிதாவுக்கு வாய் வரவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் மகள் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். பச்சைத் தொப்பியை விட்டது சரிதானா என்று அந்த நேரத்தில்தான் தோன்றும் என்றாள். ஏழு மணிக்குப் பிள்ளை வருவாள், விளக்கை ஏற்றுவாள், அறைக்குப் போவாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் நளினி வந்தாள், கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"விளக்கு ஏத்தலையா?" என்று கேட்டாள் புனிதா.

"இன்னைக்கு நீங்க ஏத்துங்க மா." தாயின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

புனிதாவுக்குப் புரிந்துவிட்டது. தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில் ஏற்றினாள்.

"வயிறு வலிக்குதா?"

"கொஞ்சம்."

"கசாயம் வைக்கட்டா?"

"மாச்சிக் குடுத்தாங்க மா. குடிச்சிட்டேன்."

"நாளைக்கு நான் வைக்கிறேன்" என்றாள் புனிதா.

நளினி அன்றைக்கு அறைக்குப் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாளாம்.