பாலாற்றுத் தண்ணீர் குடித்த பேட்டரி

பட்டுப்புடவை வியாபாரத்தில் சரக்கு பாதி, வெளிச்சம் பாதி. அந்த இரண்டாவது பாதிக்குப் பொறுப்பாளி நான்தான் என்று சொன்னால், பழைய வண்டியோடு மாரடித்த வாசகர்கள் இப்போதே எனக்காக ஒரு 'உச்' கொட்டியிருப்பீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் முதலாளி ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே புடவை அடுக்க அலமாரி, படுக்கப் பலகை, ஸ்டவ், சின்ன ஃபேன், இரண்டு விளக்கு எல்லாம் பொருத்தினார். ஊர் ஊராகப் போய் வண்டியிலேயே விற்போம், வண்டியிலேயே தூங்குவோம். எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, விளக்குக்கும் ஃபேனுக்கும் தனியாக இன்னொன்று. நான் டிரைவர். புடவையை விரித்துக் காட்டுவது சம்பந்தம், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை.

வந்தவாசியில் வியாபாரத்தின் நடுவே விளக்கு அணைந்துபோனது. அப்போது என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. முதலாளி என்னிடம் சொன்னார்: "இன்னொரு தபா விளக்கு போச்சுன்னா வண்டிய வித்துட்டு மூட்டைய பஸ்ல ஏத்திடுவேன்பா. பஸ்ஸுக்கு அவங்களே டிரைவர் வச்சிருக்காங்க."

பொறி பார்த்த சம்பந்தம்

சம்பந்தத்துக்குத் தெரிந்த பேட்டரி சோதனை ஒன்றுதான். இரண்டு ஒயரையும் உரசுவான். பொறி பறந்தால் 'நல்லா இருக்குது' என்று சான்றிதழ் கொடுத்துவிடுவான். கண்ணில் ஆசிட் தெறிக்கப்போகிறது என்று ஒருநாள் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். பொறி பறந்தால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போட்டு அரை மணி விட்டுப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன்.

அவனும் பொறுமையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்: "உனுக்குப் பொண்ணு குடுத்தப்ப அரை மணி ஓட வுட்டா பாத்தாங்க? மூஞ்சியப் பாத்துதானே குடுத்தாங்க."

முதலாளியின் வைத்தியம்

விளக்குப் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தது. டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி வையுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு பஞ்சர் ஒட்டப் போனேன். திரும்பி வந்தால், சாயப் பட்டறையிலிருந்து ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, மூடிகளைத் திறந்து, குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது போல ஊற்றி முடித்திருந்தார். பாலாற்றுத் தண்ணீர். நம் ஊர்ப் பட்டுக்கு மினுக்கே அதில்தான் வருகிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

ஆற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும், பேட்டரிக்கு அது விஷம் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் செம்பைத் துடைத்துக்கொண்டே, "பதினெட்டு முழப் புடவைக்கே மினுக்கு குடுக்குற தண்ணி, இந்தப் பொட்டிக்குக் குடுக்காதா?" என்றார்.

தூங்குகிற அறை

கொஞ்ச நாளில் விளக்கு சோர்ந்து எரிய ஆரம்பித்தது. செவிலிமேட்டில் ஒரு பேட்டரி சார்ஜ் போடும் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். இறங்கியதும் வோல்ட் பார்த்தால் முழுதாகக் காட்டியது. முதலாளி செம்பு தூக்கிய கையால் மீசையைத் தடவிக்கொண்டார். கடைக்காரர் அசரவில்லை. "இப்பதான் ஓடி வந்திருக்குது. ஓடி வந்தவன் நாடியப் புடிச்சா வேகமாத்தான் அடிக்கும். செத்த நேரம் ஆறட்டும்" என்றார்.

ஆறிய பிறகு, உள்ளே மிதவை வைத்த கண்ணாடிக் குழாயால் ஆறு அறைகளிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். ஐந்தில் மிதவை நிமிர்ந்து நின்றது. ஒன்றில் அடியிலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு அறை தூங்கிவிட்டது, அது மற்றதையும் படுக்க வைத்துவிடும், புதுசு வாங்கிவிடுங்கள் என்றார். முதலாளி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். புடவை மூட்டையில் சாய்ந்து சம்பந்தம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். "தூங்குறவன வச்சுக்கினுதான் நானும் கடை நடத்துறேன். மாத்திட்டனா?"

கறுத்துப்போன அரக்கு

அந்தப் பேட்டரியோடுதான் தாமலுக்கு முகூர்த்தப் புடவை கொண்டுபோனோம். பெரிய விவசாயக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் மட்டும் ஒரு பஸ் நிறையத் தேறுவார்கள். அவர்கள் கடைக்கு வருவதைவிட கடை அவர்களிடம் போவது சுலபம். அன்று பார்த்து ஊரில் கரண்டு இல்லை. ஏரிக்கரையோரம் வேன் விளக்கில் வியாபாரம் நடந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தைதான் நீதிபதி. அரக்கு நிறப் புடவை ஒன்று அவருக்குப் பிடித்து, தனியாக எடுத்து வைத்தார்.

மற்றதெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் விளக்கும் மஞ்சளாகி, பழுத்து, அழ ஆரம்பித்தது. அத்தை மறுபடி அரக்கைக் கையில் எடுத்தார். அது கறுப்பாக இருந்தது. "நான் எடுத்து வச்சது இது இல்ல. மாத்திட்டீங்க. கல்யாணத்துக்குக் கறுப்பா கட்டுவாங்க?" சம்பந்தம் சத்தியம் செய்தான். முதலாளி என்னைப் பார்த்தார். வண்டி போச்சு, வேலை போச்சு என்றே நினைத்தேன்.

இரண்டு பெண்களை வேனுக்கு முன்னால் புடவையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, எஞ்சினைக் கிளப்பி ஹெட்லைட்டைப் போட்டேன். அரக்கு அரக்காகவே நின்றது. ஜரிகை கண்ணைப் பறித்தது. அத்தை முகம் மலர்வதற்குள் முதலாளி ஓடிவந்தார், எஞ்சினை நிறுத்து, புகை பட்டில் ஏறும் என்று. புகை பின்னால்தான் போகிறது என்றேன், காதில் வாங்கவில்லை. நிறுத்தினேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து அள்ளினார்கள். எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், எஞ்சினில் ஒரு முனகல்கூட இல்லை. எஞ்சின் பேட்டரியும் படுத்தாயிற்று. கல்யாண வீடே திரண்டு வந்து தள்ளியது. பின்னாலிருந்து அத்தையின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "பொண்ண அனுப்புறதுக்கு முந்தி புடவைக்காரர அனுப்புறதே பெரும்பாடா இருக்குதும்மா."

தீர்ப்பு

வழியெல்லாம் சம்பந்தம்கூடத் தூங்கவில்லை. ஊர் நெருங்கியதும் தாங்கமாட்டாமல் நானே கேட்டேன், வண்டியை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று.

அவர் சொன்ன பதிலுக்கு வண்டியை ஓரங்கட்டி அழுதுவிடலாம் போல இருந்தது. நிறுத்தினால் தள்ள ஆள் இல்லையே என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். "விளக்கு போச்சுன்னா விப்பேன்னுதானே சொன்னேன்? மங்கத்தானே செஞ்சுது. நாளைக்குப் புது பேட்டரி ஒண்ணு வாங்கியாந்துடு. அந்தக் கடைத் தண்ணியையும் வாங்கிக்கோ, ஆத்துத் தண்ணிய நான் பட்டுக்கே வச்சுக்கிறேன்."

பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எத்தனையோ வழி உண்டு. நாங்கள் கடைப்பிடித்த வழிக்கு மட்டும் ஒரு கல்யாண வீடே தேவைப்பட்டது.