டாக்டரம்மா அவளிடம் கேட்ட கேள்வி

எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. திருநெல்வேலியில் ஒரு லேடி டாக்டரிடம் ஒன்றரை வருஷமாக வைத்தியம் பார்த்தோம். மாதாமாதம் பஸ் ஏறுவோம், மாத்திரை வாங்குவோம், நாள் எண்ணுவோம், ஏமாந்து போவோம். அந்த ஆனி மாதம்தான் முதல் தடவையாக என் மனைவிக்கு நாள் தள்ளிப்போய், டெஸ்ட்டிலும் உறுதியானது.

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "கரு தங்குறதுக்கு உதவியா கொஞ்ச நாளைக்கு புரோஜெஸ்டிரான் மருந்து கொடுக்கப்போறேன். எண்ணெயில கலந்த ஊசியா வாரத்துக்கு ரெண்டு தடவை போட்டுக்கலாம், கொஞ்சம் வலிக்கும். இல்லன்னா மாத்திரை, தினம் மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம். எதுவானாலும் தவறாம போகணும். உனக்கு எதும்மா தோதுப்படும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். பொண்டாட்டியிடம் என்ன கேட்டாலும் புருஷன்தான் பதில் சொல்வான். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "மாத்திரையே போதும் டாக்டர். அவளுக்கு ஊசின்னா பயம்" என்றேன்.

அவளுக்கு ஊசி என்றால் பயமே கிடையாது. பயந்தவன் நான். ஊசி போடுகிற நர்ஸ் வீடு என் ஆபீசுக்கு நேர் எதிரே இருந்தது. வாரம் இரண்டு தடவை இவள் அங்கே போனால், "என்ன அண்ணாச்சி, விசேஷமா?" என்று ஆபீசே கேட்கும். எல்லோருக்கும் தெரிந்தபிறகு கரு நிற்காமல் போய்விட்டால் யார் முகத்தில் விழிப்பது? என் கௌரவத்துக்காகச் சொன்னதை அவள் மேல் இருக்கிற இரக்கம் மாதிரி சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகச் சொன்னாள். "ஊசின்னா போட்டுட்டு வந்துரலாம். மாத்திரைன்னா சாப்பாட்டுக்குப் பொறவுல்லா."

"நேரத்துக்குச் சாப்பிட வேண்டியதுதான?" என்றேன். மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சீசன் நேரத்தில் எங்கிருந்தெல்லாமோ சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. என் அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம் என்று ஒரு கூட்டம் போவதற்குள் அடுத்த கூட்டம் வந்து இறங்கியது. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்குப் பசி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவும் எல்லோரும் சேர்ந்தா வருவார்கள்? மெயினருவிக்குப் போனவர்கள் ஒரு மணிக்கு, ஐந்தருவிக்குப் போனவர்கள் மூன்று மணிக்கு. "ஏட்டி, இன்னும் ரெண்டு தோச ஊத்து" என்று அக்கா காலையில் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். அவளுக்கு விஷயம் தெரியாது, அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டு மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். என் மனைவியின் காலைச் சாப்பாடு பதினொன்றுக்கு, மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. சில நாள் இராத்திரி ஒரு தம்ளர் மோரோடு படுத்துவிடுவாள். மாத்திரை போட்டாயா என்று நான் கேட்பேன். ம் என்பாள். இலை போட்டு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நான் கேட்ட கேள்வி அது.

ஆடி முடிவதற்குள் கரு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அலமாரியில் மாத்திரைக் கவரைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தனியாகத் திருநெல்வேலிக்குப் போனேன். "மாத்திரை தவறினதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியாது. ஊசியே போட்டிருந்தாலும் ஆகியிருக்கலாம். வீட்டுல அவங்களத் திட்டாதீங்க" என்றார் டாக்டரம்மா. அவளைத் திட்டக் காரணம் தேடித்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். 'சொல்ல முடியாது' என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே பல வருஷம் ஓட்டினேன். அதன்பிறகு எங்களுக்குக் குழந்தை உண்டாகவில்லை.

நான்கைந்து வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னமோ மனது தாங்காமல், "அன்னைக்கு ஊசியே போட்டிருக்கலாமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிமிரவில்லை. கோபமும் இல்லை. "ஊசியா மாத்திரையாங்கதெல்லாம் இப்ப என்னத்துக்கு? அந்தம்மா என்னயப் பாத்துதான் கேட்டாவ. நான் வாயத் தொறக்கதுக்குள்ள நீங்க சொல்லிட்டிய."

கரு தங்காததற்கு நான்தான் காரணமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது; ஆனால் அவள் உடம்பைப் பற்றி அவளிடம் கேட்ட கேள்விக்கு அவளைப் பேசவிடாமல் செய்தது நான்தான், அது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.