முந்திச் சொன்ன ஆமென்

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் "ஒரு செட்..." என்று வாயைத் திறக்கும்போதே மலையாளப் பெண்கள் உடுத்துகிற செட்டு முண்டு ஜோடியை எடுத்து மேசையில் விரித்துவிடுவேன். "அக்காவுக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். எனக்கும் அதில் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை மட்டும் என்னிடம் பிறவியிலேயே கிடையாது.

அப்படிப்பட்ட எனக்குத்தான் கர்த்தர் ஒரே மகளைக் கொடுத்தார். அவளுக்குத் திக்கும்.

நாங்கள் இருப்பது மலையாள ஊர். இங்கே திக்கு என்பதை விக்கு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவளை 'விக்கி' என்று கூப்பிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த என் தங்கை அதைச் செல்லப் பெயர் என்று நினைத்து, தானும் அப்படிக் கூப்பிடத் தொடங்கினாள். அன்றைக்கு மகள் சாப்பிடவில்லை. அதன் பிறகு அவள் வாயைத் திறக்க நேரும் இடங்களிலெல்லாம் நான் முந்திக்கொண்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம், "அவளே பேசி முடிக்கட்டும், நீங்க முடிச்சு வைக்காதீங்க" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வருவேன். வந்ததும் ஆட்டோக்காரரிடம் போக வேண்டிய இடத்தை அவளுக்குப் பதிலாக நான் சொல்வேன்.

ஜெபத்திலும் அதே கதைதான். எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு மத்தியானம் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு நிமிஷம் வாய்விட்டு ஜெபிப்போம். ஒருவர் ஆமென் சொன்னதும் எல்லோரும் ஆமென் சொல்ல, அடுத்தவர் தொடங்குவார். என் முறை வரும்போது மகளுக்கும் சேர்த்து நானே ஜெபித்துவிடுவேன். அவள் முறை யாருக்கும் தெரியாமல் கடந்துபோய்விடும். அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? நல்ல படிப்பு வேண்டும், திக்கு மாற வேண்டும். பத்துப் பேர் நடுவில் அதைக் கண்ணீரோடு சொல்வேன். பக்கத்தில் அவள் எந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள் என்று பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டுதானே ஜெபிப்போம்.

போன வருஷம் அவள் பிளஸ் ஒன் சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரமனையில் கூட்டம். அவள் அப்பா ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறார், ஞாயிறு லீவு கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம்.

"அம்மா, இ... இன்னைக்கு நான் ஜெபிச்சோளாம், கேட்டோ" என்றாள், பாதி மலையாளத்தில்.

"எதுக்குட்டி? நான்தான் உனக்கும் சேத்துப் பண்ணுதேன்லா."

"நீ எப்பவும் என் திக்கு மாறணும்னு மாத்திரம்தானே கேக்குற. எ... எனக்கு வேற காரியங்கள் உண்டு."

"என்ன காரியம்? எங்கிட்டச் சொல்லு, நானே சேத்து..."

"அம்மா!"

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தணித்துக்கொண்டேன். "எல்லாரும் இருப்பாவட்டி. நடுவுல வார்த்தை நின்னு போச்சுன்னா என்ன செய்வ?"

"நான் அ... அவங்ககிட்டயா பேசப் போறேன்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிதாவின் வீட்டுக்குள் பிள்ளை தயங்காமல் போகலாம் என்று போதகர் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறார், நான் எத்தனை முறை ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணிச்சல் சரளமாகப் பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று மனதுக்குள் வைத்திருந்தேன் போல. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் விடவில்லை. அவள் அங்கே தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

கரமனை வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். என் முறையில் எனக்காகவும் அவள் அப்பாவுக்காகவும் மட்டும் ஜெபித்தேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஆமென் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு அவள் முறை வந்தது.

"க... க... கர்த்தாவே," என்று தொடங்கினாள்.

நாங்களெல்லாம் ஆண்டவரை 'நீர்' என்போம். அவளுக்கு அது வரவில்லை, 'நீங்க' என்றாள். கூடப் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், அந்தப் பெண் இரண்டு வாரமாகச் சிரிக்கவே இல்லை என்றும் சொன்னாள். அப்படி ஒரு பெண் இருப்பதே எனக்குத் தெரியாது. வகுப்பில் தன்னைக் கேலி செய்கிற ஒருவனுக்காகவும் கேட்டாள். அங்கங்கே நின்று நின்றுதான் வந்தது, ஆனால் வந்தது. அப்புறம் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அ... அ... அ..."

அரை நிமிஷம் ஆகியிருக்கும். யாரோ மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார்கள். பாவம், முடிக்கப் பார்க்கிறாள், அந்த ஒரு வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது என்று நினைத்தேன்.

"ஆமென்!" என்றேன்.

எல்லோரும் பெருமூச்சு விட்டதுபோல ஆமென் சொன்னார்கள். வீட்டுக்கார அக்கா உடனே, "கிருபையுள்ள பிதாவே" என்று தன் முறையைத் தொடங்கிவிட்டார்.

"நான் இன்னும் மு... முடிக்கல."

அக்கா நிறுத்தினார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மகள் கண்ணைத் திறக்கவே இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. போனில் முக்கியமான ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பவர், வீட்டில் சத்தம் போடுகிறவர்களைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்வார் அல்லவா, அப்படித்தான் சொன்னாள்.

மறுபடியும் அதே இடம். "அ... அ..." இந்தத் தடவை யாரும் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாளோ அவருக்கு ஒரு அவசரமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவசரம் முழுக்க என்னுடையதாகவே இருந்திருக்கிறது.

"அ... அம்மாவுக்கு," என்றாள்.

அவ்வளவு நேரம் அவள் முட்டி மோதிக்கொண்டிருந்த வார்த்தை ஆமென் இல்லை.

"அம்மாவுக்கு என்னை நெனச்சு இருக்கிற ப... பயம் மாறணும், அப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவள் ஆமென் சொன்னாள்.