பந்து தராத கேப்டன்

இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் ஏறிய பெண்ணுக்கு மேல்கம்பியைப் பிடிக்க எக்க வேண்டிய தேவையே இல்லை, அவ்வளவு உயரம். பார்த்ததும் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

செல்வி. ஸ்கூல் பாஸ்கெட்பால் டீமில் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். பிறகு ரயில்வே டீம், இந்தியா டீம், இப்போது கோச். அன்றைக்கு கேப்டனாக இருந்த நான், இப்போது பஸ்ஸில் சீட் பிடிப்பதோடு சரி.

"அக்கா! நீங்கதானே?"

கூட வந்த இரண்டு பிளேயர்களிடம், "என் கேப்டன். இவங்களாலதான் நான் செலக்ட் ஆனேன்" என்றாள்.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. மாவட்ட செலக்‌ஷன் மேட்சில் அவள் கூடைக்கு அடியில் தனியாக நின்று, "அக்கா, இங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். தேர்வாளர்கள் என்னைத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லா ஷாட்டையும் நானே அடித்தேன். அவளுக்கு ஒரு பாஸ்கூடக் கொடுக்கவில்லை.

"செல்வி, அன்னைக்கு நான்..." என்று இழுத்தேன்.

"தெரியும்கா. நீங்க தர மாட்டீங்கன்னுதான், நீங்க அடிச்சு உள்ள போகாம வர்ற பந்தையெல்லாம் தாவிப் பிடிச்சுப் போட்டேன். அதைப் பாத்துதான் என்னை எடுத்தாங்க."

குரலில் துளி கிண்டல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

உங்கள் டீமிலும் என்னைப்போல் ஒருத்தி இருந்திருப்பாள். எங்காவது பார்த்தால் நன்றாகத் திட்டிவிடுங்கள். தயவுசெய்து நன்றி மட்டும் சொல்லாதீர்கள்.